முன்சக்கரத்தில் சத்தம், ஸ்டியரிங்கில் ஆட்டம்: பழுதை இனங்காண்பது எப்படி?

காரின் முன்பக்கத்தில் ஏதோ சத்தம் வருகிறது, ஸ்டியரிங்கும் முன்போல இறுக்கமாக இல்லை என்று பட்டறையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் ஏதாவது ஒரு பாகத்தை உடனே மாற்றிவிடுவார்கள். சத்தம் நிற்காவிட்டால் அடுத்த பாகத்துக்கு முறை வரும். எங்கள் வீட்டுக் காரில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் எழுந்த ஊளைச் சத்தத்துக்காக இரண்டு முன்சக்கர பேரிங்குகளும் இப்படித்தான் மாற்றப்பட்டன. வண்டியை வெளியே எடுத்த அன்றே அதே ஊளை மறுபடியும் கேட்டது. பிறகு முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். இரைச்சலும் டயர்களோடு சேர்ந்து பின்பக்கம் போய்விட்டது. அந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் நல்ல பேரிங்குகள் இரண்டு தப்பியிருக்கும்.

காரின் உடல் முழுவதும் தகட்டால் ஆனது என்பதால், ஒரு மூலையில் பிறக்கும் சத்தம் எல்லாப் பக்கமும் பரவி, ஓட்டுநரின் காதுக்கு வேறு மூலையிலிருந்து வருவதுபோல வந்து சேரும். ஆகவே சத்தத்தின் இடத்தைக் காதால் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அது எழும் தருணத்தை, அதாவது வளைவிலா, பள்ளத்திலா, பிரேக்கிலா, வேகம் கூடும்போதா என்பதை, காது பிசகாமல் சொல்லிவிடும். தருணத்தைப் பிடித்துக்கொண்டால் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும்; மிச்சத்தைக் கையால் ஆட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

முதலில் அங்கே என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கரங்களால் ஓடிய வண்டிகள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, முன்சக்கரமே வண்டியை இழுக்கவும் திருப்பவும் செய்யும் அமைப்பு இந்தியச் சாலைகளில் பெருகியது; இன்றைய சிறு கார்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வகையே. இந்தக் கட்டுரையும் அவற்றைப் பற்றியதுதான். இவற்றில் சக்கரம் ஹப்பின் மீது பூட்டப்பட்டிருக்கும். ஹப், நக்கிள் என்ற கனத்த வார்ப்புப் பாகத்துக்குள் இருக்கும் பேரிங்கில் சுழலும். நக்கிளின் மேற்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்த ஸ்ட்ரட்டுடனும், கீழ்ப்பக்கம் பால் ஜாயிண்ட் என்ற குண்டு மூட்டு வழியாக, லோயர் ஆர்ம் என்ற கீழ்க்கையுடனும் இணைந்திருக்கும். பக்கவாட்டில், ஸ்டியரிங்கோடு இணைந்த டை ராடு என்ற தண்டு வந்து அதைத் தள்ளியும் இழுத்தும் சக்கரத்தைத் திருப்பும். கியர் பாக்ஸிலிருந்து வரும் ஆக்ஸில், சக்கரம் திரும்பிய நிலையிலும் தடையின்றிச் சுழல்வதற்காக, இரு முனைகளிலும் சிவி ஜாயிண்ட் என்ற மூட்டுகளைக் கொண்டிருக்கும். சத்தமும் ஆட்டமும் பெரும்பாலும் இந்த மூட்டுகளில் ஏதேனும் ஒன்றின் தேய்மானம்தான்.

சோதனைக்கு முன் டயர்களில் காற்றைச் சரிபார்த்து, வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட வேண்டும். பஞ்சர் போட்ட பிறகு சரியாக இறுக்கப்படாத நட்டு, தேய்ந்த பால் ஜாயிண்டைப் போலவே தடதடக்கும். கூடவே ஸ்டியரிங்கையும் ஆட்டும். சிறு கார்கள் பலவற்றில் இந்த நட்டுகளை 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கச் சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டிக்கான சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். வேறொரு பழுதைத் தேடி ஒரு நாள் முழுவதும் அலைந்த பின், நான்கு நட்டுகளில் ஒன்று விரலாலேயே சுழன்றதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆகவே இதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

இனி ஓட்டிப் பார்க்கலாம். வேகம் கூடக்கூடத் தானும் கூடுகிற, விமானம் தொலைவில் பறப்பதுபோன்ற ஊளைதான் பலரையும் குழப்புவது. ஆளில்லாத நேரான சாலையில், என்ஜினை அணைக்காமல், கியரை மட்டும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியைத் தானாக ஓடவிடுங்கள். என்ஜினை அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும் என்பதால் சாவியைத் தொடவே கூடாது. என்ஜினின் சுழற்சி குறைந்த பிறகும் ஊளை அதே சுருதியில் தொடர்ந்து, வண்டியின் வேகம் குறையக் குறையத் தானும் இறங்கினால், என்ஜினையும் கிளட்சையும் விட்டுவிடலாம். பழுது அநேகமாகச் சக்கரத்தின் பக்கம் இருக்கிறது.

சக்கரத்தின் பக்கம் என்றால் டயரா, பேரிங்கா? டயரின் இரைச்சல் சாலையைப் பொறுத்து மாறும். சொரசொரப்பான தாரிலிருந்து வழவழப்பான கான்கிரீட்டுக்குப் போனதும் அதன் குரலே வேறாகிவிடும். பேரிங்கின் ஊளைக்குச் சாலை ஒரு பொருட்டல்ல. இன்னொரு வேறுபாடு வளைவில் தெரியும். இடப்பக்கம் வளையும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும்; அந்த நேரத்தில் ஊளை கூடினால் வலப்பக்க பேரிங்கையும், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்க பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். சந்தேகிக்க மட்டுமே வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இன்றைய பேரிங்குகளில் குண்டுகள் இரண்டு வரிசையாக இருக்கும். எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, சில நேரம் இந்தக் கணக்கு தலைகீழாகவும் வரலாம்.

டயரைக் கையாலும் அறியலாம். வண்டி நிற்கும்போது டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை முதலில் ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்போலவும் இருந்தால், டயரின் பூக்கள், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள், சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். சுற்றிலும் இடைவிட்டு இடைவிட்டுக் குழி விழுந்திருந்தால், தளர்ந்த ஷாக் அப்சார்பர் சக்கரத்தைத் துள்ளவிட்டிருக்கிறது என்று எண்ண இடமுண்டு. இரண்டுமே பேரிங்குபோலவே ஊளையிடும். 12 அங்குல ரிம்மில் போடும் 145/80 அளவு டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.7 மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் பத்து முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பல குழிகள் தரையை அறையும்போது அது தட்டலாகக் கேட்காமல் தொடர்ந்த முழக்கமாகவே கேட்கிறது.

பேரிங்கை உறுதி செய்ய வண்டியைத் தூக்கியாக வேண்டும். சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கிய உடனே கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் உறுதியான ஸ்டாண்டை வைத்துவிடுங்கள். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையின் விரல்களை ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங்கில் மெல்ல வையுங்கள். நல்ல பேரிங்கின் சுழற்சியில் ஸ்பிரிங் அசைவற்று இருக்கும். கெட்டுப்போன பேரிங்கின் கொரகொரப்பு ஸ்பிரிங்கின் வழியே விரல் நுனிக்கு வந்து சேரும். காது தவறவிடுவதை விரல் பிடித்துக்கொள்ளும் இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பேரிங் ஏன் கெடுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பெரும் பள்ளத்தில் விழுந்த அடி, குண்டுகள் ஓடும் தடத்தில் நுண்ணிய குழியை உண்டாக்கும். அது நாளடைவில் பெரிதாகும். தண்ணீர் இன்னொரு பகை. ஓடிச் சூடான பேரிங் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் என்ற ரப்பர் மூடியின் விளிம்பு வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, துரு ஏறி, சில மாதங்கள் கழித்து ஊளை தொடங்கும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் நின்ற காரை வாங்குவோரும் வைத்திருப்போரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, முழுதாகத் திருப்பிய நிலையில் வண்டியை நகர்த்தும்போது எழும் டக் டக் என்ற தொடர் தட்டல். இது ஆக்ஸிலின் வெளிப்பக்க சிவி ஜாயிண்டின் அடையாளம். இந்த மூட்டுக்குள் வழக்கமாக ஆறு எஃகுக் குண்டுகள் வளைந்த தடங்களில் ஓடும். நேராகப் போகும்போது அவை ஏறக்குறைய ஓரிடத்திலேயே நிற்கும், திரும்பும்போதுதான் தடத்தில் முன்னும் பின்னும் ஊர்ந்து, தேய்ந்த இடத்தில் குதிக்கும். திறந்த மைதானத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, முதல் கியரில் லேசாக ஆக்ஸிலேட்டரை அழுத்தி வட்டமிட்டால் இது தெளிவாகக் கேட்கும். மறு பக்கமும் அப்படியே செய்து பார்க்க வேண்டும். மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உட்பக்கத்தில் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பூட் கிழிந்ததைச் சத்தம் வருவதற்கு முன்பே கண்டுவிட்டால், மூட்டைக் கழுவி, புது கிரீஸும் புது பூட்டும் போட்டு ஆக்ஸிலைக் காப்பாற்றிவிடலாம். உட்பக்க ஜாயிண்ட் தேய்ந்தால் தட்டல் வராது. நேராக வேகமெடுக்கும்போது வண்டியின் முன்பக்கம் நடுங்கும், காலை எடுத்ததும் அடங்கும்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரேக்கை லேசாகத் தொட்டதும் ஒரு கடகடப்பு நின்றுவிட்டால், அது தளர்ந்த பிரேக் பேடின் சத்தம். பிரேக் பிடிக்கும்போது கிரீச்சிட்டால் பேடு தேய்ந்திருக்கலாம். இரும்பு இரும்போடு உரசும் கரகரப்பு வந்துவிட்டால் டிஸ்க்கும் போய்க்கொண்டிருக்கிறது. சல்லிக்கற்கள் கொட்டிய சாலையில் போய் வந்த உடனே தொடங்கிய காதைக் கிழிக்கும் சத்தம் என்றால், டிஸ்க்குக்கும் அதன் தகட்டு மறைப்புக்கும் நடுவே ஒரு சிறு கல் சிக்கியிருக்கும்; அதை எடுத்தால் போதும்.

பள்ளத்திலும் வேகத்தடையிலும் எழும் கட் கட் ஓசைக்குக் காரணங்கள் பல. மிக அடிக்கடி தேய்வது ஸ்டெபிலைசரின், அதாவது வளைவில் வண்டி சாயாமல் இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பியின், லிங்க் ராடு. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது அது அதிகமாகத் தட்டும், இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஏறக்குறைய அமைதியாக இருக்கும். லோயர் ஆர்மின் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) கிழிந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போதோ, வண்டி எடுக்கும்போதோ, ஒற்றை இடியாக ஒரு 'தொப்' கேட்கும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முறுகி முறுகி 'டொங்' என்று விடுபடுவது ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் மவுண்ட் பேரிங். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கின் பக்கவாட்டில் கை வைத்தால் அந்தத் துள்ளல் கைக்குத் தெரியும்.

இனி ஸ்டியரிங்கின் ஆட்டத்துக்கு வருவோம். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் சக்கரம் திரும்பாமல் வீணாகப் போகும் அந்தச் சிறு அசைவைப் பட்டறைகளில் 'பிளே' என்பார்கள். வண்டியை நேராக நிறுத்தி, பவர் ஸ்டியரிங் இருந்தால் என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கின் விளிம்பை விரலால் இப்படியும் அப்படியும் நகர்த்தி, முன்சக்கரம் அசையத் தொடங்கும்வரை விளிம்பு எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க வேண்டும். சிறு கார்கள் பலவற்றின் பணிமனைக் கையேடுகள் அதிகபட்சம் 30 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கின்றன.

இந்த 30 மில்லிமீட்டர் பெரிதாகத் தோன்றினாலும், அதற்குக் கீழே இருக்கக்கூடிய தேய்மானம் மிகச் சிறியது. ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் கீழே இருக்கும் ரேக் என்ற பல்தண்டு சுமார் 40 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 380 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்கின் சுற்றளவோ ஏறக்குறைய 1,190 மில்லிமீட்டர். ஆக, ரேக்கில் ஒரு மில்லிமீட்டர் தளர்வு, விளிம்பில் 30 மில்லிமீட்டராகப் பெருகித் தெரிகிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்து ஓட்டுநர்கள் கைப்பிடியை வைத்தே பழுதைச் சொன்னதற்கு இந்தப் பெருக்கலும் ஒரு காரணம்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரேக்குக்கு மேலே, ஸ்டியரிங் கம்பத்தின் மூட்டிலோ பல்லிலோ ஏற்பட்ட தளர்வுதான் விளிம்பில் முழுதாகத் தெரியும். ஒரு பக்க டை ராடு எண்டு, அதாவது டை ராடின் வெளிமுனை மூட்டு, மட்டும் தேய்ந்திருந்தால், மறு பக்கச் சக்கரம் உடனே திரும்பத் தொடங்கிவிடும். விளிம்பில் ஆட்டம் குறைவாகவே தெரியும், வண்டி மட்டும் சாலையில் நேராக நிற்காமல் அலையும். ஆகவே விளிம்பு அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக முன்பக்கம் முழுவதும் சரி என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இதைப் பிடிக்க மிகச் சிறந்த வழிக்குச் செலவே கிடையாது. வண்டி தரையில், தன் எடையோடு நிற்கட்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக, இடைவிடாமல் அசைக்க வேண்டும். மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டையும் பார்த்து, அசையும் பாகங்களுக்கு நடுவே விரல் சிக்காதபடி வெளிப்புறமாகக் கை வைத்து உணர வேண்டும். ஒரு மூட்டுக்கு முந்திய தண்டு அசைந்து, பிந்தியது ஒரு கணம் தாமதித்து அசைந்தால், தளர்வு அந்த மூட்டில்தான். கம்பத்தின் குறுக்கு மூட்டு, ரேக்கைப் பிடித்திருக்கும் புஷ், ரேக்கின் ரப்பர் உறைக்குள் இருக்கும் ரேக் எண்டு, கடைசியாக டை ராடு எண்டு என்று வரிசையாகப் போக வேண்டும். ரேக் எண்டு உறைக்குள் மறைந்திருப்பதால், ரப்பரை விரல்களால் அழுத்திப் பிடித்துத்தான் அதன் தட்டலை உணர முடியும்.

பிறகு சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்கலாம். கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்வு தெரிந்தால் அது டை ராடு எண்டு அல்லது ரேக் எண்டு. 12 மணி, 6 மணி இடங்களில் ஆட்டும்போது தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இவ்விரண்டையும் பிரிக்க ஓர் எளிய உபாயம் உண்டு: உள்ளே இருப்பவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் அழுத்தியதும் ஹப்பும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடும். ஆகவே ஆட்டம் நின்றுவிட்டால் பழுது நடுவிலிருந்த பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயிண்டிலோ ஸ்ட்ரட்டிலோ. பால் ஜாயிண்டின் செங்குத்துத் தளர்வை அறிய, தூக்கிய சக்கரத்துக்கு அடியில் ஒரு நீண்ட கம்பியை நெம்புகோலாகக் கொடுத்து மேலே நெம்ப வேண்டும்.

எல்லா மூட்டும் சரியாக இருந்தும் நேராகப் போகும்போது மட்டும் ஆட்டம் இருந்தால், ரேக்கின் பற்கள் நடுப்பகுதியில் தேய்ந்திருக்கின்றன. நாம் பெரும்பாலும் நேராகத்தானே ஓட்டுகிறோம். தேய்வதும் அந்தச் சில பற்கள்தான். ரேக்கை அழுத்திப் பிடிக்கும் திருகை இறுக்கினால் நடுவில் ஆட்டம் போய்விடும். ஆனால் தேயாத ஓரப் பற்கள் வரும்போது ஸ்டியரிங் இறுகி, வளைவு முடிந்ததும் தானாக நேருக்குத் திரும்பாமல் நின்றுவிடும். அது ஆட்டத்தைவிட ஆபத்தானது. எனவே அந்தத் திருகை அனுபவமில்லாதவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்குவதும் இந்த ஆட்டமும் வேறு வேறு. நடுக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலை.

எதற்கு எவ்வளவு அவசரம் என்பதிலும் தெளிவு வேண்டும். பால் ஜாயிண்டோ டை ராடு எண்டோ கையால் ஆட்டியதும் தெரியும் அளவுக்குத் தளர்ந்திருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும், டை ராடு கழன்றால் ஒரு சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. ஊளையிடும் பேரிங்கோடு தொலைதூரப் பயணம் வேண்டாம். பேரிங்கில் ஆட்டமும் சேர்ந்துகொண்டால், அதன் அருகிலுள்ள சென்சார் குழம்பி, பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கு எரிவதும் உண்டு. லிங்க் ராடின் தட்டலோ, திரும்பும்போது மட்டும் வரும் சிவி ஜாயிண்டின் தட்டலோ அடுத்த வாரம் வரை பொறுக்கும்.

டை ராடு எண்டு, ரேக் எண்டு, லோயர் ஆர்ம் இவற்றில் எதை மாற்றினாலும் அதன் பிறகு வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு முன்பே அலைன்மெண்ட் செய்வது வீண். தளர்ந்த மூட்டை வைத்துக்கொண்டு கணினி காட்டும் கோணம், வண்டி கடையை விட்டு இறங்கி முதல் பள்ளத்தில் விழுந்ததும் மாறிவிடும். பேரிங் மாற்றினால், ஆக்ஸில் முனையின் பெரிய நட்டை உங்கள் வண்டிக்கான கையேட்டு அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால்தான் இறுக்கச் சொல்ல வேண்டும். அது தளர்ந்திருந்தால் புதுப் பேரிங்கும் சீக்கிரமே ஊளையிடத் தொடங்கும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடியும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.